ஜாக்கி தூக்கும், தாங்காது

ஜாக்கி வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள் ஐயா. சிவப்பாக இருந்தால் பலம் என்று ஒரு நினைப்பு. தருமபுரியில் பதினான்கு வருடமாக உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டுத்தான் பாடுவேன். வண்டி என்ன எடையோ அதற்கு மேல் தூக்குகிற ஜாக்கியாக எடுங்கள். மண் தரையென்றால் பலகை போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கி தூக்கும், தாங்காது. அதை நம்பி அடியில் போய்ப் படுக்காதீர்கள்.

வீரமணியும் என்னிடம்தான் வாங்கினான். வத்தல்மலைக்காரன், பிக்கப் வண்டியில் பலாப்பழம் ஏற்றுகிறவன். நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போனான். நல்ல பையன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

என் காரில் நல்ல ஜாக்கி கிடையாது. காரோடு வந்த சின்னத் திருகு ஜாக்கிதான் கிடந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று என் மனைவி எழிலரசி குத்திக்காட்டுவாள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். வத்தல்மலையில் என் மாமனார் தோட்டத்தில் ஐஸ்வர்யாவை நல்ல பாம்பு கடித்தது. எங்களுக்கு ஒரே மகள், பதினேழு வயது. தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். மலையிறக்கத்தில் பாதி வழியில் முன் டயர் கல்லில் கிழிந்தது. முந்தின நாள் மழையில் ஊறிய மண். ஜாக்கியை வைத்துத் திருகத் திருகக் கார் எழும்பவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் போய் வளைந்தது. போனில் சிக்னல் இல்லை. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. பின் சீட்டில் எழிலரசி, "கண்ணத் தொற கண்ணு, அம்மாவப் பாரு" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்கு இமை தூக்க முடியவில்லை, நாக்குக் குழறியது. அந்தப் பயம் பெற்றவனுக்குத்தான் தெரியும். உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

கீழே அடுத்த வளைவில் வீரமணியின் பிக்கப் நிற்பது தெரிந்தது. ஓடினேன்.

வண்டியின் பின்பக்கம் தூக்கியிருந்தது, பள்ளத்துப் பக்கச் சக்கரம் கழற்றிக் கிடந்தது. என் கடை ஜாக்கி. அடியில் பலகை, முன் சக்கரங்களுக்குக் கல். ஜாக்கி நழுவினால் வண்டி அதன்மேல் உட்காரட்டும் என்று ஸ்டெப்னியையும் அடியில் படுக்கவைத்துத் தள்ளியிருந்தான். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. அடியில் படுக்காதே என்றதை மட்டும் அவன் கேட்கவில்லை. சைலென்சர் கழன்று தொங்கியதைக் கட்டுக்கம்பியால் கட்டிக்கொண்டிருந்தான். பள்ளத்துப் பக்கம் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"வீரமணி, ஜாக்கி வேணும்."

"கிருஷ்ணப்பண்ணாவா? இருங்கண்ணா, ரெண்டே நிமிசம். கைய எடுத்தா பைப்பு மூஞ்சில வுழும்."

இரண்டு நிமிடம் ஐயா. மேலே என் பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் நிற்கிறேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள்.

ஜாக்கியை இறக்கும்போது பலர் வால்வைப் படாரென்று திறந்துவிடுவார்கள். அது தவறு. கைப்பிடியின் முனையை மாட்டி, இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். நான் அப்படித்தான் திருகினேன். வண்டி ஆடாமல் அசையாமல் இறங்கியது.

"அண்ணா, வண்டி எறங்குதுங்க. ஜாக்கியப் புடிங்க."

"புடிச்சிட்டேன்" என்றேன். பொய்யில்லை, என் கைதான் அதன்மேல் இருந்தது.

ஸ்டெப்னி தாங்கிக்கொள்ளும் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். படுக்கவைத்த ஸ்டெப்னி ஒரு சாண் உயரம். வீரமணி தடித்த உடம்புக்காரன். அது தெரியாமல் பதினான்கு வருடம் கடை நடத்த முடியாது. கால்கள் கொஞ்ச நேரம் மண்ணைத் தேய்த்தன. நான் ஜாக்கியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன்.

டயர் மாற்றும்போது முறை தவறவில்லை. கல் வைத்து, நட்டுகளைத் தளர்த்திய பிறகே தூக்கினேன். பதறாத காரியம் சிதறாது. பிக்கப்பைத் தாண்டும்போது எழிலரசி கேட்டாள், "வீரமணி வண்டி நிக்குது, ஆளக் காணோமே?"

"வேலையா இருக்கான்."

ஐஸ்வர்யா பிழைத்துக்கொண்டாள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். பத்து என்றுதான் சொன்னார், இரண்டு என்று சொல்லவில்லை. நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். வீரமணி செத்த செய்தி வார்டில் அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"அப்பா, என்னப் பாம்பு கடிச்சிருச்சுன்னு வீரமணி அண்ணாகிட்ட சொன்னீங்களா? சொல்லியிருந்தா அவரே ஓடியாந்திருப்பாரே."

"சொன்னேன் கண்ணு. அவன்தான் எடுத்துட்டுப் போங்கன்னான்."

கொன்றது நான்தான் ஐயா. அதை எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவனிடம் சொன்னேன் என்று ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை என்றைக்காவது இதைப் படிப்பாள், அப்பாவைக் கெட்டவன் என்று நினைத்துவிடக் கூடாது.