பெர்தோனோவில் எங்கே அழுத்துவது?

சான்றிதழ்களாலேயே வீட்டுச் சுவரை மறைத்துவிட்ட தலைவர் அவர்களே, தையல் எந்திரங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, நான் தொடங்கும் முன்பே சிரிக்கும் பின்வரிசைத் தோழர்களே, வணக்கம்!

இத்தாலிய வினைச்சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 'பார்லோ' என்பதில் முன்னசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. பின்னசையை அழுத்தினால் 'அவன் பேசினான்'. நமக்கு இது புதிதா? "நல்லா இருப்பே!" என்று வாழ்த்தியும் சொல்வோம், வயிறு எரிந்தும் சொல்வோமே!

நம் காலணித் தொழிற்சாலையில் நடந்ததைக் கேளுங்கள். தோலைப் பாழாக்கிவிட்டதாக இத்தாலிய முதலாளி, தோல் வெட்டும் நம் அக்காவை எல்லார் எதிரிலும் ஏசினார். பிறகுதான் பழுது கத்தியில் என்று தெரிந்தது. இத்தாலிக்குத் திரும்பிய முதலாளி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அக்கா ஒரே சொல்லில் பதில் எழுதினார்: 'பெர்தோனோ'. மன்னிக்கிறேன்!

அந்தப் பதிலை முதலாளிக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டியவர் யார்? தொழிற்சாலையின் மொழிபெயர்ப்பாளர், இதோ, நம் தலைவர்! பெர்-தோ-னோ, மூன்றே அசை. நடுவில் அழுத்தினால் 'மன்னிக்கிறேன்'. முதலில் அழுத்தினால் 'அவர்கள் தோற்கிறார்கள்'. எந்தச் சொல்லையும் தலையில் அடித்தே பழகியவர் எங்கே அடித்திருப்பார்? ஆமாம் அண்ணே, சரியாச் சொன்னீங்க, அங்கேயேதான்!

"யார் தோற்கிறார்கள்?" என்று முதலாளி சீறினார். தெரியாது என்று சொல்லத் தலைவருக்கு வாய் வந்ததா?

"உங்க பக்கந்தான் தோக்குதுன்னு கேலி பண்றாங்க சார்!"

மறுநாள் காலை வெட்டும் பிரிவுக்குப் பூட்டு! நாற்பது பெண்கள் வாசலில்!

அக்கா அழுதாரா? கெஞ்சினாரா? தலைவர் அந்தச் சொல்லை எப்படிப் படித்தார் என்று கேட்டறிந்து, நேரே அவருடைய அலுவலக அறைக்குள் நுழைந்தார்.

"போனைக் குடுங்க சார்."

"உனக்கு இலக்கணம் தெரியுமா?"

"காது நல்லாக் கேக்கும் சார்."

எந்திரம் பொருத்த வந்த இத்தாலிய மெக்கானிக் பக்கத்தில் ஆறு மாதம் நின்று, கேட்டுக் கேட்டே கற்றவர் அவர். "பெர்-தோ-னோ" என்றார், நடுவில் அழுத்தி, நிதானமாக, நிமிர்ந்து நின்று. மறுமுனையில் இருந்த முதலாளி பூட்டை உடனே திறக்கச் சொன்னார். நண்பகலுக்குள் பூட்டு திறந்தது.

சபையோரே! அறியாமையை யாரும் பொறுக்கலாம். தெரியாததைத் தெரிந்ததாய்க் காட்டிய அந்த ஒரு நொடி, நாற்பது வீட்டு அடுப்பை அணைக்கப் பார்த்ததே, அதைப் பொறுக்கலாமா?

திங்கட்கிழமை முதல் இங்கே வினைச்சொல் வகுப்பு நடத்தப்போவது அக்கா. மாணவர் பட்டியலில் முதல் பெயர் தலைவருடையது. யாரும் வற்புறுத்தவில்லை, அவரே எழுதினார். அதற்காக மட்டும் அவருக்கு ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள்! இவ்வளவையும் மேடையிலேயே அமர்ந்து கேட்ட அவருக்கும், வேலை முடிந்த களைப்போடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்!