ஐந்து இழை

பழைய வண்டிகளில் பாதி வியாதி, பேட்டரியை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் வயரில்தான் இருக்கும். புதிதாக வண்டி கட்டுகிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பேட்டரியை மாற்றுவார்கள், காயிலை மாற்றுவார்கள், கடைசியில் என்னிடம் தள்ளிக்கொண்டு வருவார்கள். எர்த் பிடித்திருக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு போல்ட்டை இறுக்கினால் வண்டி ஓடும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் தொழில்.

நீங்கள் இந்த ஸ்டேஷன் மேசைமேல் வைத்திருக்கும் வயர்த் துண்டுகளை எனக்கு அடையாளம் தெரிகிறது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

என் தங்கை கடைசல் பட்டறையில் வேலை பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது அவளுக்கு வயது பதினொன்று, எனக்குப் பத்தொன்பது. தலை பின்னிவிடுவதை அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். எனக்குக் கல்யாணம் தோன்றவில்லை. அவளுக்கு ஒரு வரன் வந்தது, தானாகவே நின்றுபோனது. நான் ஒரு ஃபோன் பேசினேன், அவ்வளவுதான்.

பழைய இரும்புக் கடையிலிருந்து அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு மோட்டார் சைக்கிள் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டேங்க் ஒரு வண்டியிலிருந்து, முன் ஃபோர்க் வேறொன்றிலிருந்து. பொருந்தாததையெல்லாம் தானே கடைந்து பொருத்தினாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் இரண்டு வருடம் வேலை நடந்தது. வண்டிக்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருந்தாள், மனசு வந்தால்தான் ஸ்டார்ட் ஆவார் என்பதால். வயரிங்கை மட்டும் என்னிடம் விட்டாள்.

“இரும்பு என் பேச்சைக் கேக்கும்ணா. கரண்ட் கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. அது உன் டிபார்ட்மென்ட்.”

அவளுக்கு ஒரு பழக்கம். கழற்றிய எந்தச் சாமானையும் தூக்கிப் போட மாட்டாள். காகித டேப்பில் தேதியும் இடமும் எழுதி ஒட்டி டப்பாவில் போட்டு வைப்பாள். இதை நான் நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும்.

ஒருநாள் சாப்பிடும்போது, கடலோரத்தில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். நானூறு கிலோமீட்டர்.

“பெரியவர்லயே போயிடுவேன். லாரில ஏத்தினா அவருக்கு ரோஷம் வந்துடும்.”

நானும் சிரித்தேன். தட்டுகளைக் கழுவும்போது ஃபிரிட்ஜின் மோட்டார் நின்றது. அவள் அடுத்த அறையில் இருந்தாள், ஆனாலும் அந்த ஒரு நிமிடம், அவள் போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று காதால் கேட்டுவிட்டேன். மெயின் லைனில் கை வைத்துத் தூக்கியெறியப்பட்டபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

முதல் துண்டு அந்த வாரத்தில் வெட்டியது. அந்த எர்த் வயருக்குள் இருபத்தெட்டு மெல்லிய செம்பு இழைகள் இருக்கும். முனையிலுள்ள ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, இருபத்தைந்தை வெட்டிவிட்டு, உறையைப் பழையபடி இழுத்து மூடினேன். வெளியே பார்த்தால் புது வயர். மீட்டர் வைத்தால் பீப் என்று கத்தும். மீட்டருக்கு மூன்று இழை போதும், ஓடுகிற வண்டிக்குப் போதாது. சூடேறி, அதிர்ந்து, ஒன்றொன்றாக அறுந்துவிடும்.

வண்டி தெருமுனையில் நின்றது. லைட்டும் போய்விட்டது. நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போயிருந்தேன், அதனால் ஆபத்தில்லை. அதன் பிறகு ஷெட்டில் நாங்கள் இருவரும் பழுது தேடினோம். பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு, சரி. ஃபியூஸ் சரி. அவள் டார்ச் பிடிக்க, நான் ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தேன். மூன்று நாள் தேடுவதுபோலத் தேடி, நான்காம் நாள் கண்டுபிடித்தேன். புது வயர் போட்டேன். “அண்ணன் இல்லேன்னா பெரியவர் அனாதை” என்றாள்.

இப்படி நான்கு தடவை. வேலையில் சேரும் தேதியை அவள் இரண்டு முறை தள்ளிப் போட்டாள்.

மூன்றாவது தடவை வண்டி ஊரின் பெரிய சாலையில் நின்றபோது பஸ் ஒன்று அவளை உரசிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவளுக்கு வண்டியைத் தொடவே பயம். கிக்கரில் கால் வைத்துவிட்டு அப்படியே நிற்பாள். “அண்ணா, பின்னாலயே வர்றியா? கண்ணாடியில நீ தெரியணும்” என்பாள். எட்டு வயதில்கூட அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காவதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது. சாப்பிடும்போது நிமிர்ந்தால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஷெட்டுக்குள் வந்தால் திருப்புளியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருப்பாள். வேலை அலுப்பு என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தனியாக உட்கார்ந்து வண்டியின் மொத்த வயரிங்கையும் தானே மாற்றினாள். எப்படி என்று கேட்டதற்கு, “பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்” என்று மட்டும் சொன்னாள். ஷெட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். பூட்டோடு இரண்டு சாவி வரும். ஒன்று அவள் கைப்பையில் இருந்தது, இன்னொன்று அலமாரியில்.

மறுநாள் சாயங்காலம் அவள் குளிக்கப் போனாள். அவள் செய்திருந்த வேலை சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எர்த் வயர்களில் கை வைக்க முடியாது, அவற்றைத்தான் முதலில் பார்ப்பாள் என்று தெரியும். ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இக்னிஷனுக்கும் லைட்டுக்கும் பொதுவாக ஒரு வயர் போகிறது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் முடித்துவிட்டேன்.

விடிவதற்கு முன்பே, என்னிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். பனிமூட்டம். எஞ்சின் சத்தம் தெருவைத் தாண்டிப் போவதைப் படுத்தபடியே கேட்டேன். எழுந்து ஸ்கூட்டரை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு டிராக்டரை முந்தும்போது வண்டி அணைந்தது. பின் விளக்கும் இல்லை. பின்னால் வந்த லாரி டிரைவரைத் தப்பு சொல்ல முடியாது. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அதிர்வில் அறுந்த இழைகள் ஒரே நீளத்தில் இருக்காது என்று சொன்னீர்கள். சரிதான். வெட்டினால்தான் இப்படிச் சீராக இருக்கும். இந்தக் கடைசித் துண்டில் வெட்டாமல் விட்டது எத்தனை என்று கேட்டீர்கள். ஐந்து. நீங்கள் எண்ணியது சரி.

மற்றதிலெல்லாம் மூன்று, இதில் மட்டும் ஏன் ஐந்து என்றுதான் அடுத்து கேட்பீர்கள். மூன்று விட்டிருந்தால் ஊருக்குள்ளேயே நின்றிருக்கும். தள்ளிக்கொண்டு வந்திருப்பாள், சரிசெய்துகொண்டு மறுநாள் கிளம்பியிருப்பாள். திரும்பிப் போக முடியாத இடத்தில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சாலை எப்படிப்பட்டது, அங்கே எந்த நேரத்தில் லாரிகள் வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

டாக்டர் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது என்கிறார். நான் வீட்டைத் தயார் செய்துவிட்டேன். வாசலில் சரிவு கட்டியாயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டும்படி சுவிட்சுகளையெல்லாம் இறக்கிப் பொருத்திவிட்டேன். எல்லாம் புது வயரிங், நானே இழுத்தது. ஆஸ்பத்திரியில் நான் உள்ளே நுழைந்தால் நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், விடுவதில்லை. ஒருநாள் அவளுடைய பட்டறைத் தோழி ஒருத்தி வந்திருந்தாள். தங்கை அவளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து ஏதோ எடுத்துவரச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். வலி அப்படி.

முதல் நான்கு துண்டுகளிலும் காகித டேப் ஒட்டியிருக்கிறதே, அந்தக் கையெழுத்து அவளுடையதுதான். தேதி, இடம், கீழே ‘அண்ணன் மாற்றியது’. அதில் ஒன்றுமில்லை. அவள் எல்லாவற்றுக்கும் அப்படி எழுதி ஒட்டுவாள். டப்பா எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நான் இப்போது சொன்னது எதுவும் அவள் காதுக்குப் போக வேண்டாம். தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவாள்.