பண்டாராயா மீனின் வயிறு

பண்டாராயா மீன் வாங்கும்போது முதலில் வயிற்றைப் பார்க்க வேண்டும், மேடம். அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அடிப்பக்கம் நன்றாகத் தெரியும். உருண்டிருந்தால் வாங்கலாம். குழி விழுந்திருந்தால், கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதல் மீனை நான் கொன்றுவிட்டேன். தொட்டியில் படியும் பாசியையும் அழுக்கையும் தின்றே அது பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மாநகராட்சி ஆள் தெருவைக் கூட்டுவதுபோல அது தொட்டியைக் கூட்டும் என்றுதானே மலாயில் மாநகரம் என்று அந்தப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

செத்த மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கிள்ளானில் அதை வாங்கிய அய்யாவு மீன் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

“பாஸ், இது பட்டினியில செத்திருக்கு. வேலைய வாங்கிட்டு சோறு போடலன்னா எப்படி லா? எங்க பழைய முதலாளி மாதிரியே இருக்கீங்க.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது மீனை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். ஒரு சாணுக்கு மேல் வளராத, முகத்தில் மீசை முளைக்கும் வகை. சுரண்டுவதற்குத் தொட்டியில் ஒரு மரத்துண்டு போடச் சொன்னார். சாயங்காலம் விளக்கை அணைத்ததும் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டு. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்.

“சுத்தம் பண்ணத்தான் இத வாங்குறீங்க. ஆனா தொட்டியில அதிகமா அசிங்கம் பண்றதும் இதுதான். மத்த மீனுக்குத் தீனிய கொறைங்க. தீனி கொறஞ்சா அழுக்கு கொறையும்.”

தொட்டி என் அக்காவின் கட்டிலுக்கு எதிரே இருந்தது. அக்காவின் பெயர் சீதாலெட்சுமி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது. அவள் படிப்பை விட்டுவிட்டு, காப்பாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போனாள். முப்பத்தெட்டு வருடம் கழிவறை கழுவினாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் வளர்ந்தேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் செய்துகொள்ளவில்லை.

சின்ன வயதில் நான் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பேன். அவள் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று, “தம்பி” என்பாள். சாப்பிட வா என்று சேர்த்துச் சொல்லமாட்டாள். நான் ஓடிவந்துவிடுவேன்.

முதல் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் நன்றாகத்தான் இருந்தாள். தொட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தாள். “அழுக்கத் தின்னுமா? அப்ப நானும் அதுவும் ஒரே வேலதான். இதுக்கு இ.பி.எப். புடிக்கிறாங்களாடா?” என்றாள்.

மறு மாதம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. எதற்கும் “தம்பி” என்பாள்.

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டேன். மூன்று வேளையும் கஞ்சி. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். பிறகு பேம்பர்ஸ் மாற்ற வேண்டும், துடைக்க வேண்டும், விரிப்பை அலச வேண்டும். நான் துடைக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஓரத்தில் தண்ணீர் வழியும். ஊரார் அசிங்கத்தையெல்லாம் முகம் சுளிக்காமல் கழுவியவள் அவள். அவளுடையதை நான் கழுவுவது அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கும் தாங்கவில்லை.

அய்யாவு சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

முதலில் இரவுக் கஞ்சியை நிறுத்தினேன். பலன் தெரிந்தது. பிறகு மதியக் கஞ்சியை. பொங்கலுக்குப் பிறகு காலையில் ஒரு டம்ளர் மைலோ மட்டும். வீட்டில் வாடை போய்விட்டது. அக்கா அழுவதும் நின்றது.

பக்கத்து வீட்டுப் புனிதா ஒருநாள் வந்தாள்.

“வீட்ட எவ்ளோ க்ளீனா வச்சிருக்கீங்கண்ணே. ஆனா அக்கா ரொம்ப எளைச்சிட்டாங்களே, சாப்பிடுறாங்களா இல்லையா?”

“எறங்க மாட்டேங்குது மா,” என்றேன்.

மறுநாள் கோழி சூப் வைத்துக் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன். வீணாக்கவில்லை. நான் குடித்தேன்.

தினமும் ஏழு மணிக்கு வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, முள்கரண்டியில் குத்தித் தொட்டிக்குள் இறக்குவேன். மரத்துண்டுக்கு அடியிலிருந்து மீன் வரும். அக்கா தலையைத் திருப்பிப் பார்ப்பாள். “தம்பி” என்பாள். சில நாள் நான்கைந்து தடவை சொல்வாள். அவளுக்கு மீனை அவ்வளவு பிடித்திருக்கிறது என்று, கட்டிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி காலையில் அவள் எழவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன். சட்டையைக் கழற்றியபோது வயிற்றைப் பார்த்தேன். குழி விழுந்திருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். வாக்குமூலத்தில் தெரியாமல் செய்துவிட்டான் என்று எழுதாதீர்கள், மேடம். ஒவ்வொரு வேளையையும் நிறுத்தியது நான்தான். அவளைக் கொன்றது நான்தான்.

வீட்டுச் சாவி புனிதாவிடம் இருக்கிறது. மீனுக்கு இன்றைக்கு யாரும் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். சொல்லி அனுப்பினால் நல்லது. மீனால் வாய் திறந்து கேட்க முடியாது.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பசிக்கிறது என்று அக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன்.