சந்திரம்மா பார்த்த கட்டுமரம்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா வேதாந்தம் அவர்களே, கடலையே வாசலாகக் கொண்ட மாமல்லபுரத்துப் பெரியோர்களே, மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

மேடை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நேற்று இந்த மண்டபத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

என் பின்னால் தொங்குகிறதே, நம் ஓவியர் ஸ்ரீவத்ஸன் தீட்டிய படம்! கருத்த வானம், கலங்கிய கடல், கரையில், நேற்றுக் காலை வரை, பச்சைக் கயிற்றால் கட்டியபடி தனியே ஒரு கட்டுமரம். இயற்கையைப் பெரிதாக்கி மனிதனைச் சிறிதாக்கிய அந்நாளைய ஐரோப்பிய ஓவியர்களின் வழியில் வரைந்தது. நேற்றுக் காலை இதை மாட்டிக்கொண்டிருந்தோம். சந்திரம்மா ஓடி வந்தார். கடலுக்குப் போன கணவர் சுப்பிரமணி, காற்றடித்த பிறகு திரும்பவில்லை. மண்டபத்துத் தொலைபேசியில் சதுரங்கப்பட்டினம் டீக்கடையைக் கூப்பிட்டு, "கரையில பாத்து சொல்லுண்ணா" என்று கெஞ்சிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றவர், படத்தைப் பார்த்தார். அலறினார்.

"ஐயோ, இது எங்க மரம்! பச்சைக் கயிறு எங்களுது! எந்தக் கரையில பாத்தே? அவரு எங்க?"

ஏன் அலறினார்? தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும். கரை சேர்ந்தவர் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவார். ஆளில்லாக் கரையில் கட்டோடு கிடந்தால், அது அலை தள்ளிவந்த மரம்!

ஸ்ரீவத்ஸன் பதறினார். "அம்மா, போன மாசம் உங்க வீட்டுக்காரர் கெளம்பறப்போ பார்த்து வரைஞ்சது. இருட்டு வானம் என் கற்பனை."

"உன் கற்பனைல எங்கூட்டு ஆளை ஏன்யா இல்லாம பண்ணே?"



தொலைபேசி மணி அடித்தது. எடுக்கச் சந்திரம்மாவுக்குக் கை வரவில்லை. நான் எடுத்து அவர் காதில் வைத்தேன். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது.

"இன்னா சந்திரா, அழுதுகினு கீறியா? காத்து இஸ்துகினு வந்து இங்க வுட்டுச்சி. நாஸ்தா துன்னுட்டு பஸ்ஸுல வரேன்."

"யோவ், இங்க உசுரு போவுது, உனக்கு நாஸ்தாவா? வா, வச்சிக்கறேன்!"

திட்டிக்கொண்டே தரையில் சரிந்து உட்கார்ந்து, சிரித்து, அழுது, மறுபடி சிரித்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! முன்வரிசையில் சுப்பிரமணி அண்ணனும் சிரிக்கிறார். வந்து சேர்ந்தவர் படத்தின் முன் நின்று ஸ்ரீவத்ஸனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கயித்த அவுத்துடு சார். நாந்தான் வந்துட்டேனே."

புயலைத் தீட்டலாம், பேரலையைத் தீட்டலாம். வீடு திரும்பிய ஒருவரின் நிம்மதியை எப்படித் தீட்டுவது? பாருங்கள்! வானம் அதே கருமை. கடல் அதே கலக்கம். மணலில் மட்டும் மரங்கள் தனித்தனியே காய்கின்றன.

வண்ணம் இன்னும் ஈரம்; தொடாமல் பாருங்கள். கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. கரை சேர்ந்த அண்ணனுக்கு வணக்கம்!