பொத்தான் டப்பா

அன்று காலை தங்கை தன் சாம்பல் நிறக் கோட்டுக்கு ஒரு பொத்தான் தைத்துத் தரச் சொன்னாள். பொத்தான் டப்பாவை எடுக்க அவளே எழுந்தாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு நானே போய் எடுத்து வந்தேன். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது, "கத்தரிக்கோல்னு ஒண்ணு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சுக்கா" என்றாள். எங்கள் வீட்டில் கடைசியாக எல்லோரும் சிரித்தது அதற்குத்தான்.

காருக்கு அடியில் இருந்த ஜாக்கி தானாக இறங்காது, அதன் கைப்பிடியை யாராவது திருப்பியிருக்க வேண்டும் என்று நேற்று விசாரணைக்கு வந்தபோது நீங்கள் சொன்னது சரி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். நடுவில் ஒரு வரி விட்டுப்போனாலும் எனக்கு மனசு கேட்காது. அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர். எங்கள் பழைய கார் மூன்றாவது கியருக்கு மாற்றும்போதெல்லாம் கல்லை மெல்லுவது போலச் சத்தம் போட்டது. லென்ஸையே பிசிறில்லாமல் தேய்க்கிறவனுக்குப் பல்சக்கரம் எம்மாத்திரம் என்று அவருக்கு ஒரு எண்ணம். கியர்பாக்ஸை இறக்கி, வீட்டுக்குள் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்துப் பரப்பினார். கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் வைத்தார். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். பேரிங்கைச் சூடாக்க என் அடுப்பு, அது மாட்டப்போகிற தண்டைக் குளிர வைக்க என் ஃபிரிட்ஜ். ஐஸ் எடுக்கப் போன தங்கை பாலிதீன் பையில் சுற்றிய அந்த இரும்பைப் பார்த்துவிட்டு, "அத்தான், இதை எத்தனை விசில் விட்டு இறக்கணும்?" என்றாள்.

"உனக்குத்தான் இந்த வண்டி. வாயைக் குறை, இல்லாட்டி பஸ்லதான் போகணும்" என்றார் அவர்.

அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் சேர வேண்டும். சிறு வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. பஸ் புகை ஒத்துக்கொள்ளாது. கியர்பாக்ஸ் ஏறியதும் பெட்டி படுக்கையோடு காரிலேயே கொண்டுபோய் விடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா போனபின் அவளை வளர்த்தவள் நான். என் கல்யாணத்தின் போது அவளும் என்னோடு இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் பிறந்ததிலிருந்து அவள் இல்லாத வீட்டில் நான் இருந்ததே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

வேலை முடியப்போகும் நேரத்தில் மேசையிலிருந்து ஒரு ஸ்பிரிங் காணாமல் போனது. விரல் நுனி நீளம்தான் இருக்கும். போட்ட கியர் போட்ட இடத்தில் நிற்பதற்கு அதுதான் காரணமாம். அது இல்லாவிட்டால் வண்டி ஓடும்போதே கியர் நழுவிவிடுமாம். அவர் சோபாவைக் கவிழ்த்தார், தரை விரிப்பை உதறினார், காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு அறை அறையாக முழங்காலில் ஊர்ந்தார்.

"பேனா ஸ்பிரிங் போட்டுப் பாருங்க அத்தான். வண்டி போறதோட கையெழுத்தும் போடும்" என்றாள் தங்கை.

அவர் சிரித்தார். ஆனால் அந்தப் பழைய வண்டிக்கு அதே ஸ்பிரிங் எந்தக் கடையிலும் இல்லை. ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் சொல்லி வைத்தார். கார் வயிறு காலியாக வாசலில் நின்றது. தங்கையின் பெட்டி நடையில் நின்றது.

பொத்தான் தைத்த அன்று விடுமுறை நாள். கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சுவரைப் பிடித்தாள். மருந்தை இழுத்தாள், கேட்கவில்லை. திரும்ப இழுத்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், வேறு ஓர் இடத்திற்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். என் கணவர் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். தெருவில் ஒரு வண்டி இல்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டே போனார். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு கோட்டைத் தளர்த்தினேன். மற்ற எல்லாப் பொத்தான்களும் கழன்றன, நான் தைத்தது மட்டும் இறுக்கமாக இருந்தது. அவர் ஒரு காரோடு திரும்பி வந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை.

அதன்பின் அவர் பாதியாகிப் போனார். "நான் அதைப் பிரிக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். என் முகத்தைப் பார்ப்பார். உங்கள் தப்பில்லை என்று ஒரு வார்த்தை எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. எனக்குப் பொய் வராது.

இதையும் சொல்லியாக வேண்டும், அந்த மாதங்கள் அமைதியாகவே போயின. அவர் பாத்திரம் கழுவினார், துணி துவைத்தார், நான் கேட்காமலே தேநீர் போட்டு வைத்தார். பழியை அவர் நன்றாகத் தாங்கினார். எனக்கு அழுவதற்கு இடம் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள், புருஷனை ஒரு வார்த்தை திட்டாத பெண் என்று என்னைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு வியாபாரியிடமிருந்து புது ஸ்பிரிங் வந்தது. அவர் அதைத் தொடவே மாட்டேன் என்றார். எடுத்த வேலையை முடியுங்கள் என்று நான்தான் சொன்னேன். பூட்டி முடித்தார். கியர்பாக்ஸைக் காரில் ஏற்ற வேண்டிய நாள் காலையில் அவருடைய சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவரே போய் டப்பாவைத் திறந்திருக்கிறார்.

உள்ளங்கையில் பழைய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"பெருக்கும்போது கிடைச்சுது."

"எப்போ?"

"நீங்க தேடின அன்னைக்கே."

ஒரு வாரம் கழித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதை எடுத்த நேரம் அவள் நடையில் பாடிக்கொண்டே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே என்று பட்டது. அவ்வளவுதான். அவரிடம் அதையே சொன்னேன்.

அவர் கத்தியிருந்தால், கை ஓங்கியிருந்தால், இன்று நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதார். எழுந்து வந்து என் தலையைத் தடவினார். "சரி விடு. பாசத்துலதானே செஞ்சே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே சுமப்போம்" என்றார். ஸ்பிரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது அவர் தோள்கள் நிமிர்ந்திருந்ததைப் பார்த்தேன். காருக்கு அடியில் நுழையும்போது அவர் ஏதோ பாட்டை முனகினார். அத்தனை மாதத்தில் முதல் முறையாக.

ரெண்டு பேரும் என்றார். ஆனால் முனகியது அவர் மட்டும்.

அடியிலிருந்து பேசினால் வெளியே சரியாகக் கேட்காது. அதனால் ஸ்பேனரால் தரையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஜாக்கியை ஏற்ற வேண்டும், இரண்டு தட்டு என்றால் இறக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் ஒரு பலகையில் இருந்தது. அவர் மல்லாந்து படுத்து, அதைக் கையால் நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு முறை தட்டினார். நான் ஏற்றினேன். மறுபடி ஒரு முறை தட்டினார். ஏற்றினேன். மூன்றாம் முறையும் ஒரு தட்டுத்தான். நான் கைப்பிடியை மறுபக்கம் முழுக்கத் திருப்பினேன். பலகை சரிந்தது. கியர்பாக்ஸ் அவர் கழுத்தின் மேல் இறங்கியது.

அதன் பிறகும் அவர் தட்டினார். ஒரே ஒரு தட்டு.

முறைப்படி வேலை செய்து பழகியவள் நான். அது ஒரு தட்டுத்தானா, அல்லது இரண்டு தட்டில் முதலாவதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தப்பாக எதையாவது செய்துவிடக் கூடாதே என்று கைப்பிடியை விடாமல் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் ஆட்கள் அவருடைய கைக்கடிகாரம், பர்ஸ், ஸ்பிரிங் மூன்றையும் ஓர் உறையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் கொடுத்தார்கள். ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. துடைத்து, பொத்தான் டப்பாவில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வைக்கும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விட்டதும் பழைய உயரத்துக்கே வந்து நின்றது.