திருநீற்றில் துலக்கிய காப்பு

வெள்ளி துலக்கத் திருநீற்றுக்கு மிஞ்சியது கிடையாது, இன்ஸ்பெக்டர். புளி போட்டால் நாலு நாளில் மங்கிவிடும். எங்கள் கல்பாத்தி வீட்டுக் கிண்ணங்களை அம்மா திருநீற்றால்தான் துலக்குவாள்.

நான் வெங்கிடாசலம், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் உலோகப் பரிசோதகன். சாராய ஆலையின் ஊறல் தொட்டிகளில் கிளம்பும் கரியமில வாயுவை, கனலும் உலைக்குள் இருக்கும் நிக்கல் குழாயில் அழுத்தத்தோடு செலுத்துவோம். தொண்ணூறு நாள் குழாய் தாங்கினால் என் பதினோரு வருட உழைப்பு ஜெயித்தது என்று அர்த்தம். உலையை ஓட்டியவன் மீனாட்சிபுரத்து நல்லதம்பி.

சுத்தமான வாயு நிக்கலை அவ்வளவாகக் கெடுக்காது. மேலே பொருக்குக் கட்டும், அதுவே காவல். வாயுவில் துளி கந்தகம் கலந்தால் கதை வேறு. வெளியே பொருக்கு அப்படியே இருக்க, உள்ளே குழாய் உளுத்துவிடும். கந்தகத்தைப் பிடித்துவைக்கவென்றே வழியில் இரும்புத்துரு நிரப்பிய தொட்டி ஒன்று வைத்திருந்தோம்.

ஐம்பத்தெட்டாம் நாள் காலை நல்லதம்பி தன் வெள்ளிக் காப்பைக் காட்டினான். "ஏனுங்க சார், முந்தாநேத்துத்தான் வெளக்குனேன். அதுக்குள்ள கருத்துப் போச்சுங்களே. காத்துல என்னமோ கலந்திருக்குதுங்களா?"

வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம். தொட்டியில் துரு தீர்ந்துவிட்டது, எங்கோ ஒரு மூட்டில் வாயுவும் கசிகிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. துருவை மாற்ற உலையை அணைக்க வேண்டும். அணைத்தால் மறுபடி ஒன்றாம் நாள். உலைச் சூட்டில் வேர்த்தால் வெள்ளி அப்படித்தான் கறுக்கும் என்றேன். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினான். சட்டைப்பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, நானே தேய்த்துக் கொடுத்தேன். அவனுக்கு ஒரே கூச்சம்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாலைக்குள் கறுத்துவிடும், காலையில் தேய்ப்பேன். வேறு யாரும் பார்த்துக் கேட்டுவிடக் கூடாதே.

எண்பத்து நாலாம் நாள் குழாய் வெடித்தது. உலைமுன் நின்றவன் அவன் ஒருவன்தான். நான் காப்பி குடிக்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவன் உயிர் பிரிந்தபின் காலடியில் உட்கார்ந்து அழுதது நடிப்பில்லை. இன்றும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே கழற்றிக் கொடுத்த காப்பைத் துலக்கி எடுத்துக்கொண்டு மீனாட்சிபுரம் போனேன். அவன் மனைவி பூவாத்தாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவரு ஊட்டுக்கு வர்றப்பத் தெனமும் கருத்துத்தானுங்க இருக்கும். காத்து சரியில்ல, வேலைய உட்டு நின்னுக்கங்கன்னேன். சார் பாத்துக்குவாருன்னாருங்க."

நான் பஸ் ஏறி நேரே இங்கே வந்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வரவில்லை. குழாய் உளுக்கிறது என்று தெரியும், உடைந்தால் முன்னால் நிற்பவன் யார் என்றும் தெரியும். இருபத்தாறு நாள் தெரிந்தே அவனை அங்கே நிறுத்தினேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், இன்ஸ்பெக்டர்: அந்த இருபத்தாறு நாளில் ஒரு நாள்கூடக் கறுத்த காப்போடு அவனை நான் உலைக்கு அனுப்பியதில்லை.