கோழிக்குப் போட்ட மொட்டை

பழனியிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண் இருந்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தாள்.

“பிள்ளைக்கு நேர்ந்த மொட்டையா தாயி?”

“இல்லத்தா, கோழிக்கு.”

“கோழிக்கா?”

“நாலு கோழியக் கீரி தூக்கிருச்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான், பத்துக் குஞ்சோட நிக்கிது. கொடியில சேவல் வச்சிருக்கிற சாமியாச்சே, காப்பாத்தட்டும்னு முடியக் குடுத்துட்டேன்.”

“நல்லாருக்கு! இப்ப அதுக எங்க?”

“பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்துட்டுத்தான் வந்தேன்.”

“மேல கல்லு வச்சியா? வெறுங்கூடைய கீரி மூக்காலயே தள்ளிருமே.”

அவள் தலையைத் தடவியபடி யோசித்தாள். சட்டென்று எழுந்து நின்றாள்.

“டிரைவரண்ணே, வெரசா விடுங்க! முருகா, நான் போய்ச் சேர்ற வரைக்கும் நீ அந்தப் பஞ்சாரத்து மேல ஏறி உக்காந்துக்கப்பா!”